நீல மாத்திரையும் பூச்சி மாத்திரையும்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூங்கி விழுகிறாள், பச்சரிசியையும் பலப்பத்தையும் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று தாயார் குறைகளைச் சொன்னார். கீழிமையை விலக்கிப் பார்த்தோம், உட்புறம் வெளிறியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 கிராம். பதினோரு வயதுக் குழந்தைக்கு அது 11.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பள்ளியில் வாரந்தோறும் தரும் மாத்திரையைப் போடுகிறாயா என்று கேட்டோம். சிறுமி முதலில் தாயாரைப் பார்த்தாள். பின்னர்ப் புத்தகப் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். நோட்டுத் தாளில் மடித்து வைத்த ஒன்பது நீல மாத்திரைகள் அதில் இருந்தன. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வதாக ஆசிரியையிடம் சொல்லி வாங்கி வந்தவை. "நான்தான் டாக்டர், வாங்கி வெச்சுக்கோ, முழுங்காதேன்னு சொன்னேன்" என்றார் தாயார்.

அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. முந்தைய ஆண்டு அதே பள்ளியில் ஒரு குழந்தை மாத்திரை போட்டவுடன் வாந்தியெடுத்த செய்தி ஊர் முழுவதும் பரவியிருந்தது. இது எதற்கான மாத்திரை, போட்டால் என்ன ஆகும், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. மகளின் உடல் தேறவேண்டுமென்று மருந்துக் கடையில் மாதாமாதம் டானிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இலவசமாக வந்ததை ஒதுக்கிவிட்டுக் காசு கொடுத்து வாங்கியதை நம்பினார். இந்த நிலைமைக்கு மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. "சத்துக் குறைவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மருந்துச் சீட்டை நீட்டும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது.

பள்ளிகளில் தரப்படுபவை இரண்டு வெவ்வேறு மருந்துகள். பெற்றோர் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். முதலாவது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டியது. 2018-இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தின்படி 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு 45 மில்லிகிராம் இரும்புச்சத்துள்ள இளஞ்சிவப்பு மாத்திரையும், 10 முதல் 19 வயதினருக்கு 60 மில்லிகிராம் உள்ள நீல மாத்திரையும் தரப்படுகின்றன. இரண்டாவது குடற்புழுவுக்கான அல்பெண்டசோல். நம் வழக்கில் பூச்சி மாத்திரை. 2015-இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு இது தரப்படுகிறது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அரை மாத்திரை. மற்றவர்களுக்கு 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரை. இதை மென்று தின்னவேண்டும்.

முதல் மருந்து உடலில் இரும்பைச் சேர்க்கிறது. இரண்டாவது, சேர்ந்த இரும்பு வெளியேறும் வழியை அடைக்கிறது. இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை விடுவது பயனற்றது என்று சொல்லமாட்டோம். ஆனால் பாதி வேலையோடு நிற்பதாகும். ஏன் என்பதற்குச் சிறிது கணக்குப் பார்க்கவேண்டும்.

குடற்புழு என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும் கீரிப்பூச்சி. வெள்ளை நூல்போல் மலத்தில் நெளிவதால் தாய்மார் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். குழந்தையின் தூக்கத்தை அது கெடுக்கும், இரத்தத்தைக் குறைக்காது. இரத்தத்தைக் குறைப்பது கொக்கிப் புழு. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள அது சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு கிடக்கும். மலத்தில் நம் கண்ணில் படாது. நுண்ணோக்கியில் அதன் முட்டைகளை மட்டுமே காண முடியும். ஆகவே "பூச்சி எதுவும் வரவில்லையே" என்று பெற்றோர் சொல்வதை வைத்து நாங்கள் முடிவுக்கு வருவதில்லை.

அது உடலுக்குள் வரும் வழியும் பலரும் நினைப்பதுபோல் வாய் அன்று. நோயுற்றவர் திறந்தவெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் முட்டைகள் பொரிந்து இளம்புழுக்களாகின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. அங்கே ஆண்டுக் கணக்கில் உயிர்வாழ்கின்றன. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பது ஊரெங்கும் நிலவும் நம்பிக்கை. இனிப்பைக் குறைப்பது பல்லுக்கு நல்லது என்பதால் அந்த நம்பிக்கையோடு நாங்கள் பெரிதாகச் சண்டையிடுவதில்லை. எனினும் கொக்கிப் புழுவுக்கும் இனிப்புக்கும் தொடர்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உறங்குவதும், கன்னத்தில் வெள்ளைத் தேமல் தோன்றுவதும் புழுவின் அடையாளங்கள் அல்ல.

இனிக் கணக்கு. கொக்கிப் புழுவில் இரு வகைகள் உண்டு. சிறிய வகையைச் சேர்ந்த ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்கும். பெரிய வகை அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். சிறிய வகையிலேயே ஐம்பது புழுக்கள் இருப்பதாகக் கொண்டால் நாள்தோறும் ஒன்றரை மில்லிலிட்டர் இரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. அதில் ஒரு பகுதியைக் குடல் மீண்டும் ஈர்த்துக்கொள்கிறது என்று விட்டுவிட்டாலும், நாள்தோறும் கணிசமான இழப்பு. சோறும் சாம்பாரும் இட்லியும் உண்ணும் ஒரு குழந்தையின் உடல், அந்த உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஈர்த்துக்கொள்வது அரிது. நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் சேர்ந்தால் பெரிது. அதில் பாதியைப் புழு எடுத்துக்கொண்டால், வளரும் வயதும் பூப்படையும் பருவமும் சேர்ந்து வரும் பெண்குழந்தைக்கு மிஞ்சுவது என்ன?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காட்டியது. நாடு முழுவதற்குமான அளவு 59. மருத்துவ வசதியிலும் பள்ளிக் கல்வியிலும் முன்னே நிற்கும் மாநிலத்தில் இப்படி.

எங்களிடம் வந்த சிறுமியின் பழக்கமொன்று இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பலப்பம், பச்சரிசி, சாம்பல், சுவர்க்காரை, மண் ஆகியவற்றைத் தின்னும் வேட்கை இரும்புச்சத்துக் குறைவின் நன்கறியப்பட்ட அறிகுறி. இதைக் கெட்ட பழக்கமென்று கருதி அடிக்கிறார்கள். விரலில் வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். இரும்புச்சத்தைச் சரிசெய்தால் வேட்கை தானாக அடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால் மண்ணைத் தின்னும் குழந்தை அதிலுள்ள உருண்டைப் புழு, சாட்டைப் புழு ஆகியவற்றின் முட்டைகளையும் சேர்த்தே விழுங்குகிறது. இரும்பு குறைந்ததால் மண் தின்கிறது. மண் தின்பதால் புழு சேர்கிறது. புழு சேர்வதால் மேலும் மெலிகிறது. இந்தச் சுழலை ஒரே மருந்தால் அறுக்க முடியாது என்பதே எங்கள் கருத்து.

இதற்கு மாறான கருத்துகளும் உண்டு. ஊர் முழுவதற்கும் பூச்சி மாத்திரை கொடுப்பதால் மட்டும் குழந்தைகளின் சராசரி ஹீமோகுளோபின் பெரிதாக உயர்வதில்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் முடிவு. அதை நாங்கள் மறுக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் புழு குறைவாகவே இருக்கும். சிலருக்கு மட்டுமே மிகுதியாக இருக்கும். எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தச் சிலருடைய நன்மை கணக்கில் கரைந்துவிடும். மேலும், புழுவைக் கொன்றுவிட்டால் இழந்த இரும்பு திரும்பி வந்துவிடாது. தனியே பூச்சி மாத்திரை போதாது என்பதற்கு இவையெல்லாம் சான்றுகளே. அது வேண்டாம் என்பதற்கல்ல.

மாத்திரை எதற்கு, முருங்கைக்கீரை போதாதா என்று கேட்போரும் உண்டு. கீரை வேண்டும், நாள்தோறும் வேண்டும். ஆயினும் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஈர்ப்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்துண்டால் ஈர்ப்பு கூடும். உணவோடு தேநீரோ காபியோ குடித்தால் குறையும். புலால் உண்ணும் குடும்பங்களில் ஈரல், ஆட்டு இரத்தப் பொரியல், சிறு மீன்கள் ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேரும். ஈரலைப் பெரும்பாலும் அப்பாவின் தட்டில்தான் வைக்கிறார்கள் என்பதை எங்கள் உணவு ஆலோசகர் அடிக்கடி சொல்வதுண்டு. எவ்வாறாயினும், சேமிப்பு முற்றிலும் வற்றிய குழந்தையை உணவால் மட்டும் மீட்பதற்கு நெடுங்காலம் ஆகும். அதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விடும்.

பக்க விளைவுகளைப் பற்றிய அச்சத்தை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. இரும்பு மாத்திரையால் குமட்டல், வயிற்று வலி, மலச்சிக்கல் ஆகியன சிலருக்கு வரும். மலம் கறுப்பாகப் போகும். பெற்றோர் அதைக் கண்டு இரத்தம் போவதாக அஞ்சுகிறார்கள். அது உடலில் சேராத இரும்பின் நிறமே. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் மிகும். அதனால்தான் மதிய உணவுக்குப் பின் தரப்படுகிறது. காலையில் உண்ணாமல் வந்து, மதியமும் சரியாகச் சாப்பிடாத குழந்தையே பெரும்பாலும் வாந்தியெடுக்கிறது. பூச்சி மாத்திரைக்குப் பின் சிலருக்குச் சிறிது நேரம் வயிறு வலிக்கலாம், தலை சுற்றலாம். புழு மிகுதியாக உள்ள குழந்தைக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. காய்ச்சல் முதலிய நோயோடு இருக்கும் நாளில் இரண்டையும் போடாமல், நலமான பின் போடவேண்டும்.

உண்மையாகவே அஞ்சவேண்டியது வேறொன்று. அந்தச் சிறுமியின் வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருந்தான். ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கத் தெரிந்த வயது. நீல நிறத்தில் பளபளக்கும் மாத்திரை சின்னக் குழந்தைக்கு மிட்டாய்போலவே தெரியும். வாரம் ஒன்றாகப் பெரிய பிள்ளைக்கு நன்மை செய்யும் அதே மாத்திரைகளைச் சிறு குழந்தை ஒன்பதாகச் சேர்த்து விழுங்கினால் குடலில் இரத்தக் கசிவும் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்டு உயிருக்கே கேடு வரலாம். மகளுக்கு ஆகாது என்று அந்தத் தாய் ஒதுக்கிய மாத்திரைகள், ஒதுக்கப்பட்டதனாலேயே வீட்டிலிருந்த மற்றொரு குழந்தைக்கு ஆபத்தாகிக் கிடந்தன. அதை நாங்கள் சொன்னபோது அவர் முகம் மாறியது. எங்களுக்கும் அன்றைய பொழுது முழுவதும் அந்த எண்ணம் விடவில்லை. ஆகவே பெற்றோரிடம் முதல் வேண்டுகோள்: உங்கள் வீட்டில் எஞ்சிய இரும்பு மாத்திரைகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குத் தந்தவையும் அவற்றுள் சேரும். பூட்டிய இடத்தில் வையுங்கள். தேவையில்லையெனில் எங்கள் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு குழந்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால்கூட, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவேண்டாம். சாப்பிட்ட பின், உங்கள் கண்முன் விழுங்கட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வது எளிதன்று என்பதை அறிவோம். வழங்குவதற்கு முன்னர்ப் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் விளக்கினால் பாதிச் சுமை குறையும். அழைத்தால் எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பேசுவோம்.

வாராந்தர மாத்திரை தடுப்புக்கானது, சிகிச்சைக்கானதன்று. ஏற்கெனவே இரத்தசோகை வந்துவிட்ட குழந்தைக்கு எடைக்கேற்ற அளவில் நாள்தோறும் இரும்புச்சத்துத் தரவேண்டும்; மூன்று மாதமேனும் தொடரவேண்டும். குழந்தை சுறுசுறுப்படைந்ததும் நிறுத்திவிடுவது பெற்றோர் செய்யும் பெரும் பிழை. ஹீமோகுளோபின் தேறிய பின்னும் உடலின் சேமிப்பு நிறையச் சில வாரங்கள் ஆகும். அதுபோல, எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. தாலசீமியா, சிக்கிள் செல் போன்ற பரம்பரை நோய்கள் நம் மாநிலத்தின் சில பகுதிகளிலும் பழங்குடிச் சமூகங்களிலும் உண்டு. ஒரு மாதம் ஒழுங்காக மருந்து உண்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லையென்றால், டானிக்கை மாற்றாமல் காரணத்தைத் தேடவேண்டும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தாலசீமியாக் குழந்தைகளுக்குப் பள்ளி மாத்திரை கூடாது; அதைப் பள்ளிக்கு எழுதித் தர நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

மேலே சொன்ன சிறுமியின் மலப் பரிசோதனையில் கொக்கிப் புழு முட்டைகள் இருந்தன. அவளுக்குச் செருப்பு உண்டு. பள்ளியிலும் வீட்டிலும் கழிப்பறை உண்டு. பிறகு எங்கிருந்து வந்தது? தந்தை வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். சேற்றில் செருப்பு நிற்காது. தோட்டத்தில் கழிப்பறையும் இல்லை. விடுமுறை நாட்களில் மகளும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு செல்வாள். அடுத்த முறை தந்தையையும் வரச்சொல்லிப் பரிசோதித்தோம். அவருடைய ஹீமோகுளோபின் 9.4. ஓராண்டாகக் களைப்பு இருந்ததாம். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு வயது 38.

பள்ளித் திட்டம் அவரைத் தொடவே தொடாது. எங்கள் கருத்தில், இன்றைய முயற்சிகளின் பெரிய குறை இதுவே. உருண்டைப் புழு குழந்தைகளிடம் மிகுதி; கொக்கிப் புழுவோ வயது ஏற ஏறப் பெரியவர்களிடமே கூடுதலாகக் காணப்படுகிறது. வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற 'டிவார்ம்3' ஆய்வு, குழந்தைகளுக்கு மட்டுமின்றி ஊரிலுள்ள எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்ததன் பின்னணியும் இதுதான். பிள்ளைக்கு ஆண்டுக்கு இருமுறை மருந்து தந்து குடலைச் சுத்தம் செய்கிறோம். அவள் நடக்கும் மண்ணில் முட்டைகள் அப்படியே இருக்கின்றன.

இது புதிய பாடமும் அன்று. 1916 முதல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்களிடையே, ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் நடத்தியது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. லயன்களில் போதிய கழிப்பறைகள் இல்லாததால் அதே மக்களை அதே புழு மீண்டும் பற்றியது.

எனவே, குழந்தைக்குக் கொக்கிப் புழு உறுதியானால், தோட்டத்திலும் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெரியவர்களும் ஒருமுறை பரிசோதனைக்கு வாருங்கள். குடும்பமாக மருந்து எடுத்துக்கொள்வதே முறை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களும், கர்ப்பம் தரித்திருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் பூச்சி மாத்திரையைத் தாமாகப் போடாமல் எங்களைக் கேட்கவேண்டும். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை கேட்பது மருத்துவரின் எல்லைக்கு அப்பாற்பட்டதென்று சிலர் சொல்வர். அது இல்லாமல் நாங்கள் தரும் மருந்து எத்தனை மாதம் நிற்கும் என்பதை அறிந்த பிறகும் பேசாமலிருக்க எங்களால் இயலவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சிறுமி வந்தபோது ஹீமோகுளோபின் 11.3. இன்னும் சற்று ஏறவேண்டும். மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறோம். பலப்பம் தின்பதில்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். நீல மாத்திரையை இனிமேல் வகுப்பிலேயே, தலைமை ஆசிரியை எதிரில் விழுங்குவதாக ஏற்பாடு. நாள்தோறும் உண்ணும் மருந்து முடிந்ததும் அது தொடங்கும். தந்தை வரவில்லை, அன்று வாழைத்தார் வெட்டு. அவருக்கான மாத்திரைகளைத் தாயாரிடம் கொடுத்து, பரணில் தம்பிக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்பினோம்.